டெல்பின் சிஸ்டர் பார்க்காத நாக்கு

கையுறை மாட்டிய சுண்டுவிரலை டெல்பின் சிஸ்டர் மற்றக் கைக்குள் அரை நிமிடம் பொத்தி வைத்திருக்கிறார். "ஜில்லுனு விரல வச்சா புள்ள மெரண்டுடுங்க. அப்புறம் எம் பேச்ச கேக்காது." விரல் சூடேறியதும் குழந்தையின் வாய்க்குள் விடுகிறார். குழந்தை சப்புகிறது, இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நாக்கு விரலைச் சுற்றிக் குழிகிறதா, ஈறு மட்டும் கடிக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாதாம். பிறகு கண்ணைத் திறந்து, இரண்டு விரலால் நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கிறார். தாய் எதற்காக வந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இதெல்லாம் ஆகிவிடும்.

புத்தூரில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது எங்காவது கைக்குழந்தை அழுதால், ஆளை விலக்கிக்கொண்டு கழுத்தை நீட்டுவார். "அழும்போதுதாங்க நாக்கு உண்மையச் சொல்லும்." அடியில் சவ்வு இழுத்துப் பிடித்திருந்தால் நாக்கு மேலே எழும்பாது, நுனி நடுவில் பிளந்தாற்போல் இருக்கும். தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்லி இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

சவ்வை வெட்டுவது டாக்டர் ஜேக்கப். அதன் பிறகுதான் சிஸ்டருக்கு வேலை. "வெட்டுறது ஒரு நிமிஷம். குடிக்கக் கத்துக்கறதுக்கு ரெண்டு வாரம் ஆவும். பொறந்ததுலேருந்து தப்பாவே சப்பிப் பழகிருக்குல்ல?" வாய் கொட்டாவி விடுகிற அளவு திறக்கட்டும், தாடை மார்பில் அழுந்தட்டும், முழுங்குகிற சத்தம் கேட்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மூன்று நாளைக்கு ஒருமுறை அவரே போன் செய்து, "எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

என் பேத்திக்காகப் போய்ப் பழகியவள் நான். உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றதும் முகம் கறுத்துவிட்டது. "எழுதறதுன்னா வள்ளிக்கண்ணு விஷயத்த எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க."

ஏழு வருடத்துக்கு முன், பிரசவமான நான்காம் நாள், வள்ளிக்கண்ணு மருங்காபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். காம்பு வெடித்து ரத்தம். குழந்தை ஓயாமல் அழுதது. வராந்தாவில் இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். மாமியாரை வைத்துக்கொண்டே டெல்பின் சொன்னார்: "மொத புள்ளைக்கு எல்லாருக்கும் வலிக்கும். நீ பொறுத்துக்க மாட்டேங்கற." குழந்தையின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது குழந்தை பிறந்த எடையைக்கூடத் தாண்டவில்லை. டாக்டர் நாக்கைத் தூக்கினார். நுனிவரை சவ்வு.

"சிஸ்டர், அன்னைக்கு இத பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். அப்ப ஒண்ணும் தெரியல."

டாக்டர் அதை நம்பினார். சவ்வை வெட்டினார். ஆனால் அதற்குள் வள்ளிக்கண்ணுவுக்குப் பால் வற்றியிருந்தது. புட்டிதான் என்றாயிற்று. கிளம்பும்போது வள்ளிக்கண்ணு டெல்பினிடம், "நீங்க சொன்ன மாதிரி இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும் சிஸ்டர்" என்றார்.

"அதுக்கு நான் 'பத்திரமா போயிட்டு வாம்மா'ன்னேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு டெல்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன பிப்ரவரியில் வள்ளிக்கண்ணு இரண்டாவது குழந்தையோடு வந்தார். ஒன்பது நாள் குழந்தை. அதற்கும் அதே சவ்வு, அன்றே வெட்டியாயிற்று. பால் கொடுக்கும் அறையில், பேத்திக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த மாமியாரும் வந்திருந்தார்.

"மொத புள்ளைக்கே இவளுக்குப் பாலு இல்லீங்க. வலி தாங்க மாட்டா. டப்பா பாலே எழுதிக் குடுத்துடுங்க."

வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவில் பழக்கம் தெரிந்தது.

டெல்பின் சிஸ்டர் என்னையும் என் மகளையும் ஒருமுறை பார்த்தார். எங்களை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அம்மா, இவளுக்குப் பால் இருந்துச்சு. புள்ளையாலதான் குடிக்க முடியல. நான் அன்னைக்கு நாக்கத் தூக்கிப் பாக்கவே இல்ல. பாத்தேன்னு டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். இவமேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு."

கதவோரம் டாக்டர் ஜேக்கப் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"ஏழு வருசமா தொட்டதுக்கெல்லாம் அதத்தான் சொல்லிக் காட்டுறாங்க" என்றார் வள்ளிக்கண்ணு, நிமிராமலே. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

குழந்தை வாயை அகலத் திறந்தது. வள்ளிக்கண்ணு தானாகவே அணைத்துக்கொண்டார். முதல் இழுப்பில் வலிக்குத் தயாராகிப் பல்லைக் கடித்தார். பிறகு மெல்லத் தாடையைத் தளர்த்தினார். முழுங்கும் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

நாற்காலி உயரம். அவர் கால் தரையில் எட்டாமல் தொங்கியது. டெல்பின் சிஸ்டர் மூலையிலிருந்த சின்ன மரப்பலகையை எடுத்துவந்து, முட்டி போட்டு, அந்தக் கால்களுக்குக் கீழே வைத்தார். வள்ளிக்கண்ணு காலை எடுத்து அதன்மேல் வைக்கும்வரை, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தலை நிமிராமல் தரையிலேயே இருந்தார்.