பூதிகோட்டைக்குப் போன வண்டி

வண்டியை விற்றதோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். நான்கு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு அதை விற்றுவிட்டோம் என்பது இன்னும் புத்தியில் ஏறவில்லை.

அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. இரண்டு பக்கமும் சைலன்சர். ஆண்டர்சன்பேட்டை முனையில் திரும்பும்போதே ஷிப்ட் முடிந்து வருகிறார் என்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர் வேலைக்கு ரயில் பிடிக்க, மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை அதில்தான் போய்வந்தார். முழங்கால் தேய்ந்து, உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாமல் போனதும் பூதிகோட்டை விவசாயி ஒருவருக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று வழக்கம்போலச் சாப்பிட்டார், தூங்கினார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச் விட்டதும் ஆளைக் காணோம். பொழுது சாயும்போது வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"எங்க போனீங்க?"

"பூதிகோட்டைக்கு. செயின் கொஞ்சம் லூஸா இருந்திச்சு. சொல்லாம குடுத்துட்டேன்."

அன்று தொடங்கியது. ஒரு வாரம் பிளக், ஒரு வாரம் கிளட்ச் கேபிள். தெருமுனைக் கடையில் உப்பு வாங்கி வரச் சொன்னால் முழங்கால் வலிக்கும். பஸ் மாறி பூதிகோட்டை போக மட்டும் வலிக்காது.

போன மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நானும் கூடவே கிளம்பினேன். இனிமேல் இந்த மனுஷனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள் என்று அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டு வருவதாக எண்ணம்.

வாசலில் விவசாயியின் மனைவி நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"நீங்கதான் அவரு வீட்டம்மாவா? நல்லவேளை வந்தீங்கக்கா. இவரு வந்தா எங்க ஆளு தோட்டத்துப் பக்கமே போறதில்ல. தக்காளி செடியிலயே அழுகுது."

"நானா அனுப்புறேன்? நான் சொன்னா கேக்குற ஆளா இவரு?"

கொல்லையில் ஆண்கள் இருவரும் வண்டியைப் பாதி பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திட்டத்தான் போனேன். வண்டியைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது. பின்சக்கரத்தின் இடது பக்கம் மொட்டையாக இருந்தது. புடவை சிக்காமலிருக்க மாட்டிய கம்பிக்கூடு இல்லை.

"அந்தக் கம்பி எங்க?"

விவசாயி தலையைச் சொறிந்தார். "கழட்டிட்டேன்கா. எங்க வீட்ல வண்டியில ஏறமாட்டா. மாட்டுக் கொட்டாய்ல கீது."

மூத்தவள் பிறக்க எனக்கு வலி எடுத்த அன்று ஆட்டோ கிடைக்கவில்லை. அந்தக் கம்பியில் கால் ஊன்றி, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறதாம்.

"கொட்டாய்ல போட அது இன்னா உடைஞ்ச மொறமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"விடு, அது அவங்க வண்டி" என்றார் என் வீட்டுக்காரர்.

நான்கு வருடமாக நான் சொன்னதை என்னிடமே சொல்கிறார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய்க் கம்பியை எடுத்துவந்து, சாணி போகக் கழுவிக் கொடுத்தாள். மாட்டினால்தான் கிளம்புவேன் என்று நின்றேன். மாட்டினார்கள்.

போன வாரம் அவளே போன் செய்தாள். கம்பி இருப்பதால் பயமில்லாமல் சந்தைக்கு வண்டியிலேயே போய்வருகிறாளாம். அதனால் இவர் போவது நின்றதா? கம்பியில் ஒரு நட்டு சரியாக நிற்கவில்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டால், "நானா மாட்டச் சொன்னேன்? நீதான சொன்ன" என்கிறார்.