கிள்ளானில் போட்ட துளை

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். அவருடைய நல்ல குணங்களைப் பற்றி மற்றவர்கள் முன்பக்கங்களில் அழகாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உங்கள் இருவரிடமும் உட்கார்ந்து பேசுவதுபோல்தான் எழுதுகிறேன். நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் உலக உருண்டையில் ஏன் இரண்டு துளைகள் என்று சின்னவள் அன்றைக்குக் கேட்டாள். அதற்குப் பதில் இது.

பெரியப்பா பிறந்தது பினாங்கு டத்தோ கிராமாட்டில், ஒரு வாடகை வீட்டின் பின்னறையில். எங்கள் அப்பா சாலை போடும் வேலையில் இருந்தார்; சீக்கிரமே போய்விட்டார். பெரியப்பா புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு சீன முதலாளியின் சைன்போர்டு கடைக்கு வேலைக்குப் போனார். தூரிகையால் எழுத்து எழுதக் கற்றார். ஹொக்கியன் சீனம் பேசக் கற்றார். பிறகு உள்ளே விளக்கு எரியும் அக்ரிலிக் போர்டு வந்தது, அதையும் கற்றார். ஜெலுத்தோங்கில் சொந்தமாகக் கடை போட்டார். கிளினிக், மளிகைக்கடை, சாப்பாட்டுக் கடை என்று இந்தப் பக்கத்தில் இன்றும் எரியும் பாதிப் பலகைகள் அவர் கைவேலை. என்னை வளர்த்து, தொழில் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர் அவர்தான்.

ஆனால் கை செய்த நல்லதை வாய் கெடுத்துவிடும். ஒருமுறை நான் ஒரு அக்ரிலிக் தகட்டின் மூலையை உடைத்துவிட்டேன். கடை நிறைய ஆட்கள். "இவனை வளர்த்ததுக்கு ரெண்டு தென்னையை வச்சிருந்தா இந்நேரம் தேங்காயாவது கிடைச்சிருக்கும் லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

உங்கள் பெரியம்மா இறந்தபின் ஒரே மகனைத் தனியாக வளர்த்தார். உங்களுக்கு அண்ணன் முறையான அவனுக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். அவன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டிய நேரத்தில் பெரியப்பா சொன்னது இது:

"பாதியில திரும்பி வந்தே, என் முகத்துல முழிக்காதே. சோறு கடல்லதான். ஞாபகம் வச்சுக்கோ."

"சரிப்பா" என்றான்.

அவன் போனதும் கடையில் ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டை வாங்கி வந்தார். மகன் எங்கே போகிறான் என்று பார்க்க வேண்டுமாம். இரண்டு நாளில் அதைத் தூக்கிப் போட்டார். "இது பிள்ளைங்க ஆடுற பந்துடா. எம்மவன் போற கடலு என் கட்டைவிரல்ல மறைஞ்சு போகுது. நானே செய்யறேன். உள்ள லைட்டு போட்டு."

தட்டையான பலகைக்கு ஆயுள் முழுக்க விளக்குப் போட்டவருக்கு உருண்டை தண்ணி காட்டியது. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி, இரும்பு வளையத்தில் அழுத்திப் பிடித்து, அடியிலிருந்து காற்றடித்து உப்ப வைத்தார். முதலில் வந்தது ஒரு பக்கம் வீங்கிய கன்னம் மாதிரி இருந்தது. அடுத்தது வெடித்தது. பல தகடுகள் வீணான பின்தான் இரண்டு அரைக்கோளங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தால்தான் தூக்க முடியும், அவ்வளவு பெரிது.

அடுத்த தொல்லை கடல். நீல ஸ்டிக்கரை உருண்டையில் ஒட்டினால் சுருங்கிச் சுருங்கி நிற்கும். ஒரு பம்பளிமாஸ் பழத்தை வாங்கி வந்து, தோலைக் கீற்றுக் கீற்றாக உரித்து மேசையில் பரப்பினார். நடுவில் அகலம், இரு முனையிலும் ஊசி. அதே வடிவத்தில் ஸ்டிக்கரை வெட்டினார். ஒரு கீற்றின் விளிம்பு பக்கத்துக் கீற்றின் மேல் மயிரிழை ஏறினாலும் விளக்குப் போட்டதும் அங்கே கறுப்புக் கோடு தெரியும். உள்ளே எரியும் விளக்கு எந்த ஒட்டையும் மறைக்க விடாது; வெளியே வர்ணம் பூசி ஏமாற்ற முடியாது. பிரித்துப் பிரித்து ஒட்டினார். நடுக் குழாயில் சுற்றிய எல்இடி விளக்கு கோடு கோடாகத் தெரிந்தது. தன் பழைய வேட்டியைக் கிழித்து அதன்மேல் சுற்றினார். வெளிச்சம் சீராகப் பரவியது.

தரைக்கு வெளிச்சம் போகாத கெட்டியான பழுப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். ஆசியா, ஆப்பிரிக்கா எல்லாம் இருட்டு.

"ஏண்ணே, ஊரெல்லாம் கறுப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"கப்பக்காரனுக்குத் தரை எதுக்கு?"

ஆனால் பினாங்கு இருக்கும் இடத்தில் மட்டும் ஊசியால் ஒரு துளை போட்டார். அதுதான் வீடு. இருட்டான ஆசியாவில் அந்த ஒரு புள்ளி எரியும்.

கப்பலைக் காட்ட, உருண்டைக்குள் ஒரு குட்டி விளக்கைக் காந்தத்தில் கட்டினார். வெளியே இன்னொரு காந்தம். வெளியே இழுத்தால் உள்ளே விளக்கு கூடவே நகரும். முதலில் சிவப்பு விளக்கு வைத்தார். நீலத்துக்குள் சிவப்பு செத்துப்போய்விட்டது. வெள்ளை வைத்தார். கடல் நடுவே பளிச்சென்று ஒரு பொட்டு.

முதன்முதலில் விளக்கைப் போட்ட அன்று கோப்பிக் கடை ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். மகன் போனில் சொன்ன இடத்தில் காந்தத்தை வைத்தார். "இதோ பாரு, இங்கதான் போய்க்கிட்டிருக்கான்."

அன்று அந்த அண்ணன் அங்கே இல்லை. பின்னால் எனக்குத் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்திலேயே அவன் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இயந்திர அறைச் சூடும் வாந்தியும் அவனை எலும்பாக்கிவிட்டன. கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்குத் திரும்பியதும் இறங்கிவிட்டான். வீட்டுக்கு வரப் பயம். அப்பா சொன்ன சொல் இருக்கிறதே! அங்கேயே லாரி ஓட்டப் போனான். கூட வேலை பார்த்தவர்கள் அந்தக் கப்பலில் இன்னும் இருந்தார்கள்; கப்பல் எங்கே போகிறது என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குச் சொன்னான். பெரியப்பா உருண்டையைச் செய்து முடிப்பதற்குள் அவன் தரைக்கு வந்துவிட்டான். அந்த விளக்கு காட்டியது ஒரு நாளும் உண்மையில்லை.

ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மீன் விற்கும் மணியத்துக்கு இது முதலில் தெரிந்தது. கிள்ளானுக்கு மீன் லாரியில் போனவன், பெட்ரோல் நிலையத்தில் அண்ணனைப் பார்த்துவிட்டான். வந்து எல்லாரிடமும் சொன்னான், பெரியப்பாவைத் தவிர. எனக்கும் சொல்லவில்லை, சொன்னால் ஆட்டம் கெட்டுவிடுமே.

தினமும் காலையில் கோப்பிக் கடையில் அந்த ஆட்டம் நடக்கும்.

"அண்ணே, இன்னைக்குக் கப்பல் எங்கே?"

"ஆப்பிரிக்காவைத் தாண்டிட்டான்."

"ஐயோ, அங்க பெரிய புயலாமே! டிவியில காட்டினான்!"

பெரியப்பா கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அன்று முழுக்க மகனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார். இவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். ஏதோ வெற்றுக் கேலி என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மணியம் கேட்டான். "அண்ணே, உங்க உருண்டையில கிள்ளான் இருக்கா?"

பெரியப்பா தொழில் கேள்வி என்று நினைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். "இருக்கு தம்பி. ஆனா அது தரை. அங்க லைட்டு தெரியாது."

கடை முழுக்க வெடித்தது. ஒருவனுக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. பெரியப்பாவும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்தார். பிள்ளைகளே, அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். நான் மணியத்தைப் பின்பக்கம் இழுத்துப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னான்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பெரியப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். "ஏண்டா அப்படிச் சிரிச்சானுங்க?" என்றார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கை என் தோளில் இருந்தது. எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை. கடை வாசலில் இறங்கியதும், "சமையலுக்கு மீன் வாங்க மறந்துட்டோமே" என்றார்.

இனி மகனைக் கூப்பிட்டுத் திட்டுவார், பிறகு வரச் சொல்வார், மீ கோரேங் வாங்கி வைப்பார் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அடுத்த முறை அவன் கூப்பிட்டபோது எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கேப்பா இருக்கே?"

"பிரேசில் பக்கம்பா."

"அப்படியா. அங்க இப்ப என்ன நேரம்?"

"காலைலப்பா... இல்ல, ராத்திரி."

"இருட்டா இருக்கா? கடல் எப்படி?"

"அலை ஜாஸ்திப்பா."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். "கப்பல் ஹாரன்பா" என்றான். பெரியப்பா தலையாட்டினார். "நல்ல கப்பல்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, காந்தத்தைப் பிரேசில் பக்கம் நகர்த்தினார். அதன்பின் ஒவ்வொரு அழைப்பும் இப்படித்தான். பிள்ளை திணறத் திணறக் கேள்வி கேட்பார். கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. எழுந்து வெளியே போய்விடுவேன்.

பிறகு இனிப்பு நீர் வியாதி அவர் சிறுநீரகத்தைத் தின்றது. டயாலிசிஸ். கால் வீங்கியது. நான் கெஞ்சினேன். "அண்ணே, தெரிஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. ஓடி வந்திடுவான்."

"வரட்டும். வந்தா கதவைச் சாத்தமாட்டேன். ஆனா நான் கூப்பிடமாட்டேன்."

அவனுக்கு நானே போன் செய்தேன். அழுதான். "சித்தப்பா, நாளைக்கே வந்து நின்னா கப்பல்லேர்ந்து எப்படி வந்தேன்னு கேப்பாரே. கப்பல் திரும்புதுன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லிட்டேன்." அவருக்குத் தெரியும்டா என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. "தெரிஞ்சிருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பாரே" என்றான்.

ஆகவே பெரியப்பா படுக்கையில் கிடந்தபடி, மகன் சொன்ன கணக்கில் விளக்கை மெதுவாக இந்தியப் பெருங்கடலில் நகர்த்தி வந்தார். அந்தக் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லி, வெட்டுக் கத்தியைக் கேட்டார். என்னை வெட்ட விடவில்லை. பழுப்புத் தரையில், கிள்ளான் இருக்கும் இடத்தில் எள்ளளவு ஸ்டிக்கரைக் கீறி எடுத்தார். காந்தத்தைக் கடலிலிருந்து இழுத்து அங்கே கொண்டுபோய் வைத்தார். துளை வழியாக வெளிச்சம் குத்திக்கொண்டு வந்தது.

"அவன் வந்ததும் ஸ்விட்சைப் போடு. நீ ஒண்ணும் பேசாதே."

அவர் இறந்த சேதி காலையில் போனது. மத்தியானம் சாய்வதற்குள் அண்ணன் வாசலில் நின்றான். முந்தின நாள் போனில் இலங்கைக்குத் தெற்கே இருந்தவன். சாவு வீட்டுக்கு வந்திருந்த மணியம் பக்கத்தில் இருந்தவனிடம், "பறக்கிற கப்பல் போல லா" என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. மணியமும் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபின், பெரியப்பா சொன்னபடி ஸ்விட்சைப் போட்டேன். அண்ணன் முதலில் கடலில்தான் தேடினான். இலங்கைப் பக்கம் பார்த்தான். பிறகு கண்டுபிடித்தான். அந்தப் புள்ளியை மூட விரலை வைத்தான். வெளிச்சத்தில் விரல் நுனி சிவந்தது. நம் வீட்டுப் புள்ளியும் அந்த ஒரே விரலுக்கு அடியில் போய்விட்டது. உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நக அகலம்தான் இருக்கிறது.

பெரியப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர்கள், சோறு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டார், பாகான் டாலாமிலிருந்து வந்து காரியங்களை நின்று நடத்திய சொந்தங்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோப்பிக் கடையில் சிரித்தவர்களும் பாடையைத் தோளில் சுமந்தார்கள், அவர்களுக்கும் நன்றி. உருண்டையை எடுத்துப் போகச் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். அதனால்தான் அது நம் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளே, இரண்டு துளைகளில் எதன் மேலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒட்டினாலும் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவதாகச் சொன்னேன். ஒரு வரியும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரி சேர்க்கச் சொன்னான்:

"அப்பா கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னு போடுங்க சித்தப்பா."

போட்டுவிட்டேன்.