மாமா வீட்டுக் கூரையில் ஒரு ரயில்

செம்பூரில் மாமா குடியிருந்தது ஓர் அறையும் அடுக்களையும் மட்டுமே உள்ள வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு ரயில் ஓடுகிறது என்று நான் சொன்னால் தாராவியில் என் தோழிகளில் ஒருத்தியும் நம்பமாட்டாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கூரையில் என்பேன். அதோடு என் மானம் போகும்.

உண்மையில் கூரையில்தான் இருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு பிளைவுட் பலகை; அதன் நான்கு மூலைக் கயிறுகளும் அறையின் நடுவே இருந்த ஒரே இரும்புக் கொக்கியில் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை பலகாரம் முடிந்ததும் மாமா கப்பிக் கயிற்றைத் தளர்த்துவார். ஸ்டேஷன், சிக்னல், பாலம், விரல் நீள லோக்கல் பெட்டிகள் எல்லாம் மெல்லக் கட்டிலுக்கு இறங்கி வரும். ஒவ்வொரு வாரமும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் கிடையாது. எல்லாம் எனக்கு மட்டும்தான் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த மே மாத விடுமுறையில் ஒரு மூலையை என்னிடமே விட்டார்கள். ஒரு வளைவுக்கு நானே தண்டவாளம் போட வேண்டும். ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. புது லைனில் பெட்டிகளைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். ஒரு சக்கரம் இறங்கினாலும் லைனைப் பிடுங்கிவிடுவார்கள். இழுத்துக்கொண்டு போனால் சின்னக் குறைகள் தெரியாதாம், தள்ளினால்தான் தெரியுமாம். என் வண்டவாளம் ஒவ்வொரு ஞாயிறும் தண்டவாளம் ஏறியது. பெட்டிகள் கவிழ்ந்தன, நான் அழுதேன், மாமா சிரித்துக்கொண்டே லைனைப் பிடுங்கினார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. இன்றும் கவிழ்ந்தால் என் வளைவு இல்லாமலேயே பலகை மேலே போய்விடும். மாமாவின் சிநேகிதர், டிராம்பேயிலிருந்து வருகிறவர், நான் தண்டவாளங்களை இடைவெளியே இல்லாமல் நெருக்கி வைத்திருப்பதைப் பார்த்தார். வெயிலில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட வேண்டும் என்று சொல்லி, தன் பழைய சீசன் பாஸை இணைப்பில் செருகிக் காட்டினார். அந்த அட்டையின் கனம்தான் அளவு. ஈயம் வைத்துப் பற்றவைப்பதில் அத்தையை அடிக்க அங்கே ஆளில்லை. அவள் என் விரலைப் பிடித்துத் தண்டவாளத்தின் மேல் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு தடவுட்டி. நகம் எங்க தட்டுதோ அங்கதான் சக்கரமும் தட்டும்."

தட்டிய இடத்தில் அவள் சூடு வைத்துச் சரிசெய்ய, நான் அரத்தால் தேய்த்தேன். மாமா பெட்டிகளைப் பின்னால் தள்ளினார். மூன்று பெரியவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பலகையோடு கண்ணை வைத்துக் குனிந்திருந்தார்கள். பெட்டிகள் என் வளைவில் ஏறி, திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என் வளைவோடு பலகை மேலே ஏறும்போது அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவையும் தாங்குகிற அந்தக் கொக்கியின் மேலும் அன்று பெரிய மரியாதை வந்தது. ரயிலுக்காகவே போட்டதா என்று கேட்டேன். மாமாவின் கையில் கயிறு சற்று நின்றது.

அத்தைதான் பதில் சொன்னாள். "இல்ல தாயி. கொக்கிதான் மொதல்ல வந்துச்சு. ரயிலு ரொம்ப வருசம் கழிச்சுத்தான்."

அதையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டேன். ரயில் வைப்பதென்றால் முதலில் கொக்கி போட வேண்டும் என்று தோழிகளுக்கெல்லாம் விளக்கினேன்.

என் மகள் பிறந்தபோது தொட்டில் கட்ட ஆள் வந்து, அறையின் நடுவே ஏணி போட்டு, கூரையில் கொக்கி மாட்டினான். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.