பெரிய மீனை விட்டுவையுங்கோ

யுத்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை வரும், எடுபடும், மறுபடி வரும். அது எடுபடாமல் நீண்டுபோன ஒரு முறை, என் அண்ணா எங்கள் சல்லி ஊர்க் கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி திலாப்பியா மீன் வளர்க்கத் தொடங்கினார். தடையை மீறிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அதனால் அந்தத் தொட்டிதான் அண்ணியின் நிம்மதி. மீன் விற்கிற அளவுக்கு வளர்ந்தால் மனுசன் கரையில் இருப்பார். வளராவிட்டால் படகை நிமிர்த்துவார்.

மீன் வளரவில்லை. விரல் நீளத்திலேயே சினைப்பட்டுக் குஞ்சு பொரித்து, தொட்டி முழுக்கப் பொடி மீனாய் நெளிந்தது.

நான் அப்போது டவுனில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போய் ஒரு மீனை அறுத்துப் பார்த்தேன். குடலைச் சுற்றி வெள்ளையாய்க் கொழுப்பு, பக்கத்தில் மஞ்சள் முட்டை. அண்ணா காலையும் மாலையும் தேங்காய்ப் புண்ணாக்கை அள்ளிக் கொட்டியிருந்தார். உடம்பில் கொழுப்புச் சேர்ந்துவிட்டால் மீன் வளர்வதை விட்டு முட்டை வைக்கப் போய்விடும். எவ்வளவு கொழுப்பில், எந்த வயதில் என்பது பரம்பரையிலும் இருக்கிறது. பிந்திச் சினைப்படுகிற மீனின் குஞ்சும் பெரும்பாலும் பிந்தித்தான் சினைப்படும், அதுவரை வளரும். இதையெல்லாம் அண்ணாவுக்குச் சொல்லி, தீனியை அளவாய்ப் போடச் சொன்னேன்.

"பட்டினி போடச் சொல்லுறியோ, தங்கச்சி?"

"அளவாப் போடுங்கோ எண்டுதானே சொன்னனான்."

"வயிறு நிறைஞ்சால்தான் எதுவும் வளரும். மெலிஞ்ச மீனை ஆர் வாங்குவினம்?"

புண்ணாக்கையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய கூத்து வேறு நடந்தது. அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் தொட்டியில் இருப்பதிலேயே பெரிய மீன்தான் சட்டிக்குப் போகும். கப்பல்துறையிலிருந்து மச்சான் வந்தால் ஒன்று. தம்பலகாமத்திலிருந்து சம்பந்தி வீட்டார் அரிசி மூட்டையோடு வந்தால் இன்னும் இரண்டு. விருந்தாளிக்குப் பொடி மீன் வைப்பது எங்கள் ஆட்களுக்கு மானக்கேடு. பெரிதாய் வளர்ந்தவை எல்லாம் பிந்திச் சினைப்படுகிறவை. அவற்றைத் தின்று தீர்த்துவிட்டு அவசரக்காரப் பொடிகளை இனத்துக்கு விட்டுவைத்தால் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும்? விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வயலைத் திட்டுகிற கமக்காரனை யாராவது கண்டதுண்டா? எனக்குத் தலையை எங்காவது கொண்டுபோய் முட்டலாம் போலிருந்தது.

கடைசியில் பெரியவை ஒரு சோடிதான் மிஞ்சின.

"அதுகள் ரெண்டையும் விட்டுவையுங்கோ அண்ணா, கும்பிட்டுக் கேக்கிறன். புறம்பா விட்டு அதுகளிட குஞ்சை வளர்ப்பம்."

"ஓம், ஓம். எத்தினை தரம் சொல்லுவாய்?"

அன்றே தொட்டியின் ஒரு மூலையைப் பழைய வலையால் மறித்து இரண்டையும் அதற்குள் விட்டார். எனக்கும் மனம் ஆறியது. பிறகு ஊரடங்கும் சோதனையும் என்று பாதை மூடப்பட்டது. திறந்ததும் முதல் வேலையாய் சல்லிக்குத்தான் போனேன்.

அண்ணா வாசலிலேயே பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, முதலில் சாப்பிடு என்றார். அண்ணி சோறு போட்டாள். குழம்புக்குள் இருந்த மீன் துண்டு என் உள்ளங்கையைவிட அகலம்.

"என்ன அண்ணா இது?"

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்திருக்கிறாய். உனக்குப் பொடி மீனோ வைக்கிறது?"

"ரெண்டையுமோ?"

"பிள்ளையளும் சாப்பிடோணும்தானே."

மீன் வளர்க்கத் தெரியாத மனுசன் என்று கத்துவதா, என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறாரே என்று அழுவதா?

"நான் மறிச்சனான், கேக்கேல்லை," என்றாள் அண்ணி. "வெட்டேக்க பாத்தனான். நீங்கள் சொன்னது சரி, பெட்டையில இன்னும் ஒரு முட்டை கூட இல்லை."

அண்ணா அதைக் காதில் வாங்கவில்லை. கை கழுவிக்கொண்டே, பிழை முழுக்க மீன்களுடையது போல, "இந்தத் தொட்டி சரிவராது. நாளைக்குப் படகை நிமிர்த்தோணும்," என்றார்.

அண்ணி சட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ மச்சாள்," என்றாள். "இனி இப்பிடி மீன் வராது."