பெரட்டில் கேட்ட கேள்வி

பெருவெள்ளம் வந்த இரவில் சந்தனமேரிக்குத் தூக்கம் போயிற்று. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்த சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தவள், அதன்பிறகு ஒரு முழு இரவும் தூங்கியதில்லை. முதல் கோழி கூவுமுன்பே கண் திறந்துகொள்ளும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வைத்தவர் எஸ்டேட் கம்பவுண்டர். வயிற்றுவலி மருந்துக்குப் போனவளிடம் தூக்கத்தை விசாரித்து, தூங்காத உடம்பு ஒரு நாள் சரிவில் காலை வாரிவிடும் என்றார். புண்ணியவான், அதைக் கங்காணி காளிச்சாமியின் காதிலும் போட்டுவைத்தார்.

விடியலில் ஆள்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். மறுநாள் அங்கே அத்தனை பேர் முன்னால் கங்காணி கேட்டார்:

"ஏ சந்தனமேரி, ராத்திரி தூங்குனியா?"

பொய் வராத வாய். இல்லை என்றாள். நிரை போயிற்று. மேல்மலையில் பதினோரு வருடமாக அவள் கொழுந்து எடுத்த நிரை அது. எந்தச் செடி எப்போது தளிர்க்கும் என்று அவள் கைக்குத் தெரியும். அதை வேலுத்தாய்க்குக் கொடுத்துவிட்டு, இவளைக் கீழே சமதரையில் புல் வெட்ட அனுப்பினார். அதுவும் பாதி ஆளாகக் கணக்கு வைக்கும் அரைப்பேருக்கு. நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் நிரை திரும்பக் கிடைக்குமாம்.

தினமும் அதே கேள்வி, அதே பதில். நிரை வேண்டுமே என்று தூங்கப் பாடுபட்டாள். பாடுபட்டால் வருகிற சாமானா அது? கசகசா அரைத்துக் குடித்தாள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். தலையைக் கிழக்கே வைத்தாள், தெற்கே வைத்தாள். ஜெபமாலை உருண்டு முடியும், கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். பக்கத்தில் புருஷன் சுவக்கீன் விட்ட குறட்டை வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. முன்பு மூன்று மணி நேரமாவது தூங்கியவள், அதையும் பயத்துக்குத் தாரை வார்த்தாள்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓடைக்குத் தண்ணீருக்குப் போன சுவக்கீன் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். மஞ்சள் பற்றுப் போடும்போதே சந்தனமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின இரவு கட்டையாகத் தூங்கியவன் விழுந்துவிட்டான். ஆறு வாரம் தூங்காதவள் ஒரு தடவைகூட விழவில்லை. சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. இந்தப் பேச்சை நம்பியா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று தன்மேலேயே வந்த ஆத்திரம்.

அன்று கசகசாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. தூக்கத்திடமே நேராகச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

"வந்தா வா, வராட்டிப் போ. ஒனக்குக் காவல் இருக்க நான் ஆளில்ல."

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று அவள் கோழி கூவுவதை எண்ணிக்கொண்டு கிடக்கவில்லை.

காலையில் புல்வெட்டியை வீட்டில் போட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்கு வந்தாள். காளிச்சாமி வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்:

"கங்காணியாரே, ராத்திரி நீங்க தூங்குனியளா?"

எத்தனை ஆள் குறையுமோ, தோட்டத்துத் துரை என்ன ஏசுவாரோ என்று விடிய விடியப் புரண்டுவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்து நிற்கிறவர் அவர். அது களத்துக்கே தெரியும். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தூங்காம நீங்க பெரட்டு எடுக்கலாம், நான் கொழுந்து எடுக்கக் கூடாதோ? சாயங்காலம் தராசுல கொழுந்த வச்சுப் பாருங்க. என் தூக்கத்த வைக்காதீங்க."

சொல்லிவிட்டு மேல்மலைப் பாதையில் ஏறினாள். அவளைக் கண்டதும் வேலுத்தாய் அடுத்த நிரைக்கு நகர்ந்துகொண்டாள்.

அன்று எல்லார் கூடையையும்விட அவள் கூடைதான் கனத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றுமில்லை. என்றைக்கும் எடுக்கிற அளவுதான் எடுத்திருந்தாள். காளிச்சாமி தராசு முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முழுப்பேர் போட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டார்.