உப்பு ஏரியில் விட்ட செருப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்து வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். செருப்பு இரண்டும் பின்னால், ராமநாதபுரத்துக் கடலோர உப்பு ஏரியின் சேற்றுக்குள் இருந்தன. வேலையும் அங்கேயே போயிற்று.

பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிற வேலை. ஒரு படகுக்காரர் என்னை அதற்கு வைத்திருந்தார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டுதான். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வரும். கோடையில் மணல் அடைத்துவிடும். தண்ணீர் வற்ற வற்ற உப்பேறி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். நடுவில் மிஞ்சும் தண்ணீரில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக விட்டுப் பூச்சியையும் பாசியையும் அரித்துத் தின்னும். இதையெல்லாம் புரொபசர் மாதிரிச் சொல்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதில் ஒரு கிறுக்கு.

அன்று மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு டீச்சரும் கணவரும் வந்திருந்தார்கள். கரையைச் சுற்றிக் கூட்டிப்போகச் சொன்னார் படகுக்காரர். நான் மேலூர்க்காரன், வற்றிய கண்மாயின் குறுக்கே நடந்தே வளர்ந்தவன். கண்மாய் மேலே வெடித்தால் அடியும் இறுகியிருக்கும். அந்தத் தைரியத்தில் அவர்களை ஏரியின் குறுக்கே கூட்டிப்போனேன். இங்கே பொருக்கு அப்பளம்தான். அடியில் காயாத கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். நான் தொடை வரை போனேன். டீச்சரும் கணவரும் முழங்கால் வரை.

"பறவையக் காட்டுறேன்னுட்டுப் பாதாளத்தக் காட்டுறீங்களே தம்பி" என்றார் டீச்சர்.

பூநாரைகள் அதே சேற்றில் உலாவின. அவற்றுக்கு விரலிடுக்கில் சவ்வு உண்டு. எனக்கு மேலூர்ச் சந்தைச் செருப்பு.

படகுக்காரர் பலகை போட்டு எங்களை இழுத்தார். "இது ஒங்க ஊருக் கண்மாயாப்பா? ஊருக்கே போயிரு."

ஊரில் இருப்பது அக்கா வீடு. கிளம்பும்போதே மச்சான், "ஒரு மாசம் தாங்குறியான்னு பாப்போம் மாப்ள" என்றிருந்தார். மாசம் முடியவில்லை. மேலூர் பஸ் ஏறுமுன் வேறொரு வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேறு கவலை இல்லை.

மதுரைக்குப் போகும் உப்பு லாரி ஒன்று நின்றது. டிரைவர் உப்புக் காய்ந்து வெளுத்திருந்த என் காலைப் பார்த்தார்.

"என்னண்ணே, வெள்ளையடிச்சிருக்கு?"

"ஏரியில எறங்கிட்டேன்."

"குறுக்க போனீகளாக்கும்."

என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை மதுரை சிம்மக்கல்லில் உப்பு மொத்தக்கடை வாசலில் லாரி நின்றது. மூட்டை இறக்க ஓர் ஆள் குறைந்தது. டிரைவர் என்னைக் கைகாட்டினார்.

"உப்புல பழக்கமுண்டா?" என்றார் கடைக்காரர்.

"தொடை வரைக்கும் பழக்கம்ணே."

அவர் சிரிக்கவில்லை. "சாக்க மடிச்சுத் தலையில போடு. தெனமும் வரணும்."

போட்டுக்கொண்டேன். சிமென்ட் தரைதான். இருந்தாலும் ஒரு காலால் அழுத்தி மிதித்துப் பார்த்துவிட்டே முதல் மூட்டையை வாங்கினேன்.