நீக்கிலாப்பிள்ளை ஒளித்த நத்தை

மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளின் பனி உறைந்த வெளிப்படிக்கட்டில் பெப்ரவரியில் ஏறத் தொடங்கியவர், மார்ச்சில்தான் மேல்மாடிக்குப் போய்ச் சேருவார். அப்படியொரு மூன்றாம் மாடியில்தான் நீக்கிலாப்பிள்ளை குடியிருந்தார். மன்னார்ப் பேசாலையில் சங்கு குளித்த குடும்பம். மொன்றியலுக்கு வந்து டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி தூக்கினார். தூக்கித் தூக்கி வலக்கை இடக்கையைவிட நாலு விரற்கடை நீண்டுவிட்டது என்பார். அளந்து பார்த்துப் பொய்யென்று சொல்லக்கூடிய மனைவி றெஜினா செத்து ஐந்து வருடம். மகள் ஜெயனி ரொறன்ரோவில். ஆகவே கை நீண்டது நீண்டதுதான்.

பென்சன் எடுத்தபிறகு வீட்டுச் சுவர்கள் அவரைப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. அழிந்துபோகிற பிராணிகளை வளர்க்கும் நிலையமொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிடைத்தது நத்தை அறை.

பசிபிக் சமுத்திரத்தில் ஒரு பொட்டுப்போல ஒரு தீவு. அதன் மரங்களில் மட்டும் வாழ்ந்த, பெருவிரல் நகத்தளவு நத்தைகள். தீவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவையெல்லாம் மூன்று நாலு நகரங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள். மொன்றியலில் இருந்தவை அறுபத்தெட்டு. வெளியே மூக்கு உதிர்கிற குளிர், உள்ளே தீவின் புழுக்கம். பெட்டிகளைக் கழுவி, ஓட்ஸ் மாவையும் இலைத்தூளையும் கணவாய் ஓட்டையும் களியாகக் குழைத்து, தூரிகையால் கண்ணாடியில் பூசுவது அவர் வேலை.

"என்ன அண்ணை, நத்தை மேய்க்கிறியளாம்? ஓடிப் பிடிக்கக் கஸ்ரமோ?" என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஊர்க்காரர் கிறிஸ்தோப்பர் கேட்பார்.

"உன்னைவிட வேகமடா. அதுகள் நேரத்துக்குப் பூசைக்கு வரும்."

அவ்வளவுதான். பிறகு கிறிஸ்தோப்பர் தன் பேரப்பிள்ளைகளோடு காரில் ஏறிப்போவார். நீக்கிலாப்பிள்ளை மெட்ரோவில் போவார். அடுத்த ஞாயிறு வரைக்கும் தமிழில் அவரோடு கதைக்க ஆளில்லை.

ஒரு நாள் காலை, ஏழாம் பெட்டியில் புதிதாய்ப் பிறந்த குஞ்சொன்று இலையின் அடியில் ஒட்டியிருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். மற்ற அறுபத்தெட்டும் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்க, இதன் ஓடு மறுபக்கமாகச் சுற்றியிருந்தது.

வலம்புரி!

மூன்று தலைமுறை கடலடியில் துழாவியும் அவர் வீட்டார் எவர் கையிலும் வலம்புரிச் சங்கு ஆப்பிட்டதில்லை. தகப்பன் சாகும்வரை சொன்னது ஒன்றே: "வலம்புரி கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டை வா. கடலில வைச்சு வாய் துறந்தவனிட்ட அது நிண்டதா நான் கேள்விப்படேல்லை."

நீக்கிலாப்பிள்ளை வாயைப் பொத்தினார். பிறப்புக் கொப்பியில் குஞ்சை எழுதவில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் ஈரப் பேப்பரை வைத்து, அதற்குள் குஞ்சை வைத்து, பெட்டியைக் குளிர்ச்சட்டைக்குள் அக்குளோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் வாயைத் திறக்கலாம். ஆனால் யாரிடம் திறப்பது?

நத்தையிடமே திறந்தார்.

ஹீட்டருக்கு மேலே கண்ணாடிப் போத்தலில் அது வளர்ந்தது. அவனா அவளா என்று கேட்டால் நத்தையில் ஒவ்வொன்றும் இரண்டும்தான். அதனால், ஊரில் ஆண்பிள்ளையையும் பெண்பிள்ளையையும் கூப்பிடுகிற மாதிரி, அவர் "மோனை" என்று கூப்பிட்டார். களி பூசும்போது, றெஜினா வைக்கிற மீன்குழம்பில் புளி கூடிப்போகும் சங்கதியைக்கூட மோனையிடம் சொல்லிவிட்டார். மோனை இரண்டு கொம்பையும் நீட்டிக் கேட்கும். ஜெயனி ரொறன்ரோவுக்குக் கூப்பிடும்போதெல்லாம் "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டார். காரணம் போத்தலுக்குள் இருந்தது.

பதினாலு மாதம் போயிற்று.

நத்தை அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் மரிலூ என்ற கியூபெக் பெண். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தைக் கிழித்தெடுத்தாள். ஒரு வருடமாக அங்கேயே தொங்கிய கடிதம். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத நீக்கிலாப்பிள்ளை, கை கழுவச் சொல்லும் அறிவித்தல் என்று நினைத்து, அதைக் காணும்போதெல்லாம் பக்தியோடு கை கழுவிவந்தார்.

"அது என்ன?" என்று தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டார்.

கடலுக்கு அப்பால் இன்னொரு நிலையத்தில் மறுபக்கம் சுற்றிய நத்தையொன்று இருக்கிறது என்றாள் மரிலூ. வலக்கையும் வலக்கையும் குலுக்கலாம். வலக்கைக்கு எதிரே இடக்கையை நீட்டினால் பொருந்தாது. அப்படித்தான் அதனால் மற்ற எதனோடும் சேர முடியவில்லை. அதைப் போல இன்னொன்று உங்களிடம் உண்டா என்று எல்லா இடத்துக்கும் எழுதிக் கேட்டார்கள். ஒருவரிடமும் இல்லை. "இப்போது கிழமாகிவிட்டது. இந்த வருடம் தாண்டாது."

நீக்கிலாப்பிள்ளை அன்றைக்கு ஒரே பெட்டியை மூன்று தரம் கழுவினார்.

பின்னேரம் ஜெயனி தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. தனியவோ இருக்கிறியள்?"

"தனிய எண்டும் சொல்லேலாது. ஒரு ஆளை வைச்சிருக்கிறன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "எவ்வளவு காலமா?"

"பதினாலு மாசம்."

"ஐயோ அப்பா! அவவுக்கு என்ன வயசு?"

"அதுவும் பதினாலு மாசம்தான். நத்தை, பிள்ளை."

ஜெயனி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முழுக்கதையையும் சொன்னார். சிரிப்பு மெல்ல நின்றது.

"குடுத்தால் வேலை போகும். பேந்து வீட்டிலயும் ஒருத்தரும் இல்லை. குடுக்காட்டி அங்க ஒண்டு சும்மா காத்திருந்து சாகும்," என்றார்.

"அப்பா, உங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியும். தெரியாட்டி எனக்குச் சொல்லியிருக்கமாட்டியள்."

அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டியை மரிலூவின் மேசையில் வைத்துத் திறந்தார். அவள் பார்த்தாள். பூதக்கண்ணாடியால் பார்த்தாள். காது இரண்டும் சிவந்தன. பிறகு இரண்டு சொல் சொன்னாள். இரண்டும் டோர்வலில் காலில் பெட்டி விழுந்தவர்கள் சொல்லுகிற சொற்கள்.

மேலிடம் அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் ஒன்றுதான் கேட்டார்: பயணப் பெட்டியில் களியைத் தானே பூசவேண்டும். மரிலூ தூரிகையை எடுத்துக் கொடுத்தாள். மூலை முடுக்கெல்லாம், ஒரு குடும்பமே ஒரு மாதம் தின்னும் அளவுக்குப் பூசினார். "மோனை, அங்க போய் வாயைப் பொத்தாதை," என்று மூடியைப் போட்டார்.

ஒன்பது நாள் தொலைபேசி மணி அடிக்கவில்லை. பத்தாம் நாள் மரிலூ எடுத்தாள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விட்டு நாலு நாளாம். ஒன்று கூரையில், ஒன்று தரையில், அசைவேயில்லையாம். கோபம் இன்னும் இருந்தது, குரலில்.

"ஐஞ்சாம் நாளைத்தான் பார்க்கவேணும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை, தனக்குத் தெரிந்த ஐம்பது பிரெஞ்சுச் சொல்லுக்குள். "நாளைக்கு எடுங்கோ."

அவள் எடுத்தாள். மாற்றமில்லை. ஆறாம் நாள்தான் கண்டம் என்றார். எடுத்தாள். ஏழாம் நாள் தாண்டினால் நல்லது என்றார். நத்தையைப் பத்து வருடம் படித்தவளுக்கு இப்படியொரு சாத்திரம் இல்லை என்று தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு நாளும் மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு எடுத்தாள். அவர் பன்னிரண்டரைக்கே தலை சீவிக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் இருப்பார்.

இரண்டையும் ஒன்றாக விட்ட பதினோராம் நாள் அவள் கத்தினாள்: "முசியே நீக்கிலா! இரண்டும் ஒரே இலையில்! சேர்ந்துவிட்டன! இனிப் பயமில்லை!"

நீக்கிலாப்பிள்ளை கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். சேசுவே என்றார், மாதாவே என்றார். பிறகு தொண்டையைச் செருமி, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"குஞ்சு பிறக்கிற வரைக்கும் ஒண்டும் நம்பேலாது, பிள்ளை. நாளைக்கும் எடுங்கோ."